படுக்கையின் அகலம்

வெளியூருக்குப் புறப்படுகிறவனைப் 'பெட்டி படுக்கையோடு புறப்பட்டான்' என்று சொல்வது தமிழர் வழக்கம். பெட்டி சரி, படுக்கை ஏன்? போகிற இடத்தில் சோறு கிடைக்கும், கூரை கிடைக்கும், படுக்கை கிடைக்காது என்பது அந்நாளைய நிலை. 1929ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளில் வடக்கே வேலை தேடிச் சென்ற நம்மவர், ஜமுக்காளத்தையும் தலையணையையும் போர்வையையும் ஹோல்டாலில் சுருட்டி, வாரிட்டு இறுக்கி, தோளிலோ கூலியாளின் தலையிலோ ஏற்றிச் சென்றனர். சென்ற இடத்தில் இரவில் விரிப்பர், காலையில் சுருட்டுவர். பகலில் அறை முழுவதும் அவர்களுக்கு மீண்டும் கிடைத்துவிடும்.

அவர்களுடைய மக்களும் பேரர்களும் இன்று பெங்களூரிலும் புணேயிலும் தில்லியை அடுத்த புதுநகர்களிலும் கடைக்குச் சென்று, ஆறடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள மெத்தைக்கு விலை பேசுகின்றனர். கடைக்காரர் 'கிங் சைஸ்' என்கிறார். 'குவீன் சைஸ்' என்கிறார். இவற்றுள் எதை வாங்குவது என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் வாங்கிய மெத்தையை எளிதில் மாற்ற இயலாது. பல்லாண்டுக் காலம் அது அறையில் கிடக்கும். இரவில் மட்டுமன்று, பகலிலும் கிடக்கும். ஆதலால், படுக்கை எப்போது இவ்வளவு அகன்றது, அந்த அகலம் யாருக்காக ஏற்பட்டது என்று சிறிது பின்னோக்கிப் பார்ப்பது வீண் வேலை அன்று.

தமிழகத்தில் இன்றும் கண்ணால் காணக்கூடிய மிகப் பழைய படுக்கைகள் கல்லால் ஆனவை. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் ஒன்று உண்டு. சமணத் துறவியருக்காகப் பாறையிலேயே செதுக்கி வழவழப்பாக்கிய பதினேழு படுக்கைகள் அங்கே உள்ளன. தலைப்பக்கத்தைச் சற்று மேடாக விட்டு, அதையே தலையணையாக்கியிருக்கின்றனர். அவற்றுள் ஒன்றின் அருகே, இன்னாருக்காக இன்னார் செய்து கொடுத்தது என்னும் செய்தி தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் இத்தகைய கற்படுக்கைகள் பல. ஒவ்வொன்றும் ஒருவர் படுக்கும் அளவு, அவ்வளவே. துறவிக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். பாறையைச் செதுக்கும் உழைப்பு மற்றொன்று.

துறவியை விட்டு அரசனிடம் வருவோம். பழந்தமிழில் 'கட்டில்' என்னும் சொல் படுக்கும் இருக்கையையும் குறித்தது, அரியணையையும் குறித்தது. 'அரசு கட்டில்' என்றால் சிங்காதனம். வீரமுரசை வைக்கும் மேடைக்கும் 'முரசு கட்டில்' என்றே பெயர். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வழிநடந்து களைத்து வந்த மோசிகீரனார், முரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்த வேளையில், மலர் பரப்பிய வெறுங்கட்டிலைக் கண்டு அதன் மேல் ஏறித் துயின்றுவிட்டார். வாளுக்கு இரையாக வேண்டிய குற்றம் அது. அரசனோ, விசிறியை எடுத்து அவருக்கு வீசினான். புறநானூறு போற்றி வைத்திருக்கும் இக்கதையை அன்பர்கள் அறிவர். நாம் இங்கே கவனிக்க விரும்புவது ஒன்றுதான்: முரசு வைக்கும் கட்டிலுக்கும் மனிதன் படுக்கும் கட்டிலுக்கும் புலவரின் தூக்கக் கண்களுக்கு வேற்றுமை தெரியவில்லை. ஆளொருவர் படுக்கப் போதுமான மேடை எதுவாயினும் அது கட்டிலே.

பெரிய கட்டில் பழந்தமிழ் நூல்களில் இல்லாமல் இல்லை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் விரிவாகப் பேசப்படுகிறது. அதற்குப் பாண்டில் என்று பெயர். நாற்பது ஆண்டு நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் கொம்புகளைக் கொண்டு கைவல்ல தச்சன் செய்தது. அன்னத்தின் மென்தூவி பரப்பிய அணை அதன் மேல் இடப்பட்டது. அளவிலும் அது பெரிது என்றே புலவர் சொல்கிறார். ஆனால் அந்தப் பெரிய கட்டிலில் அரசி தனியே கிடக்கிறாள், உறக்கம் இல்லை, அரசன் பாசறையில் இருக்கிறான். தமிழ் இலக்கியம் நமக்குக் காட்டும் மிகச் சிறந்த மெத்தை, உறக்கம் வராத மெத்தை. பிற்காலத்தில் ஆண்டாள் திருப்பாவையில் யானைக் கொம்பினாற் செய்த கால்களையுடைய கட்டிலையும், அதன் மேல் பஞ்ச சயனத்தையும் குறிப்பிடுகிறாள். ஐந்து பொருள்களால் நிரப்பிய மெத்தை என்றும், ஐந்து குணங்களையுடைய மெத்தை என்றும் உரைகாரர்கள் இதற்குப் பொருள் கூறுவர். இலவம் பஞ்சும் அன்னத் தூவியும் அப்பொருள்களுள் அடங்கும். எதனால் நிரப்பினர் என்பதில் நம் முன்னோர் காட்டிய அக்கறையை அகலத்தில் காட்டியதாகத் தெரியவில்லை.

அளவையே எண்ணிக்கையில் வரையறுத்துச் சொல்லும் நூல் ஒன்று வடமொழியில் உண்டு. உஜ்ஜயினியைச் சேர்ந்த வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதையில், கட்டிலுக்கும் இருக்கைக்கும் என்றே தனி அத்தியாயம் அமைந்துள்ளது. உமி நீக்கிய எட்டு யவ மணிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஓர் அங்குலம். அந்த அங்குலத்தால் நூறு அளவு நீளமுள்ள பெருங்கட்டில் அரசனுக்கு உரியது என்கிறது அந்நூல். இளவரசனுக்குத் தொண்ணூறு, அமைச்சனுக்கு எண்பத்து நான்கு, படைத்தலைவனுக்கு எழுபத்தெட்டு, புரோகிதனுக்கு எழுபத்திரண்டு. தேக்கும் சந்தனமும் தேவதாருவும் சாலமும் சிம்சுபையும் நல்ல மரங்கள் என்று பட்டியலும் தருகிறது. சிம்சுபை என்பது வடநாட்டில் வாழும் அன்பர்கள் 'ஷீஷம்' என்று இன்றும் தச்சரிடம் கேட்டு வாங்கும் மரமே.

இந்தப் பழைய அங்குலத்தை ஆங்கில அங்குலத்தில் முக்காலாகக் கொள்வது பொதுவான கணக்கு. அவ்வாறு பார்த்தால் அரசனின் கட்டில் 75 அங்குல நீளம் ஆகிறது. இன்றைய கடைகளில் 72, 75, 78 அங்குலம் என்று மூன்று நீளங்களில் மெத்தை விற்கின்றது. அவற்றுள் நடு அளவு சரியாக வராகமிகிரரின் அரச அளவு! புரோகிதனின் கட்டிலோ 54 அங்குலம், அதாவது நான்கரை அடி. பாவம், அவர் காலை முடக்கித்தான் படுத்திருக்க வேண்டும். உடம்பை அளந்து கட்டில் செய்யவில்லை. பதவியை அளந்து செய்தனர் என்பது இதனால் விளங்கும்.

இனி அகலம். நீளத்தில் பாதிக்கும் குறைவாகவே அகலம் இருக்க வேண்டும் என்பது அந்நூலின் விதி. அப்படியானால் அரசனுடைய பெருங்கட்டிலின் அகலம் மூன்றடியைச் சுற்றியே நின்றுவிடுகிறது. இன்று நாம் 'சிங்கிள்' என்று அழைத்துக் கல்லூரி விடுதிக்கு வாங்கிக் கொடுக்கும் மெத்தையின் அகலம் 36 அங்குலம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அரசனுக்கு விதித்த அகலம் அதற்கு மேல் இல்லை. இந்திய மரபில் பெருமை நீளத்திலும் மரத்திலும் வேலைப்பாட்டிலும் இருந்தது, அகலத்தில் இல்லை. கடைக்காரர் 'இது ராஜா அளவு சார்' என்று சொல்லும்போது அன்பர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

பெரிய படுக்கையைப் பௌத்தர்கள் ஐயத்தோடே நோக்கினர். உயர்ந்த படுக்கையையும் பெரும்படுக்கையையும் தவிர்க்க வேண்டும் என்பது நோன்பு நாளில் இல்லறத்தாரும் கொள்ளும் எட்டுச் சீலங்களுள் ஒன்று. அப்படி ஒரு விலக்கு இருப்பதிலிருந்தே, செல்வர் வீடுகளில் பெரும்படுக்கைகள் இருந்தன என்று ஊகிக்கலாம்.

பொதுமக்கள் எதன் மேல் படுத்தனர்? இதற்குச் சிறந்த சான்று அயல்நாட்டான் ஒருவன் தருவது. 1333இல் சிந்து நதியை அடைந்து, பின்னர் தில்லியில் பல்லாண்டு தங்கிய மொராக்கோ நாட்டு இபின் பதூதா, இந்தியக் கட்டில்களின் இலேசைக் கண்டு வியந்திருக்கிறான். நான்கு கால்கள், நான்கு சட்டங்கள், நடுவே பட்டாலோ பருத்தியாலோ பின்னிய வார். ஒரே ஆள் தூக்கிவிடலாம். பயணம் போகிறவன் தன் கட்டிலைத் தன்னோடு கொண்டு போகிறான். பின்னலே நெகிழ்ந்து கொடுப்பதால் அதை மென்மையாக்க வேறொன்றும் தேவையில்லை என்று எழுதி வைத்தான். பஞ்சாபிலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் வாழும் தமிழர் இன்றும் காணும் சார்பாய் என்னும் கயிற்றுக் கட்டில் இதுவே. கோடையில் முற்றத்துக்கும் மாடிக்கும் போகும். குளிரில் உள்ளே வரும். பகலில் சுவரில் சாய்ந்து நிற்கும்.

தென்னாட்டில் அந்த வேலையைப் பாய் செய்தது. பாயின் அகலத்தை யாரும் கூடித் தீர்மானிக்கவில்லை. கோரையின் நீளமே அதற்கு எல்லை வகுத்தது. ஒருவருக்கு ஒரு பாய். குழந்தையோடு படுக்கும் தாய்க்குச் சற்று அகன்ற பாய். கூடத்தில் பத்துப் பேர் படுக்க வேண்டுமானால் பத்துப் பாய் விரிப்பர். விருந்தினர் வந்தால் பதினொன்று. தரை எவ்வளவோ அவ்வளவு பெரிய படுக்கை. அகன்ற மெத்தை நம் வீடுகளில் தோன்றாததற்கு ஏழ்மை மட்டும் காரணம் என்று சொல்வது பொருந்தாது. வீடு முழுவதும் படுக்கையாகவும் கூடமாகவும் மாறி மாறி உதவியபோது, ஓரிடத்தில் நிலையாகக் கிடக்கும் படுக்கைக்குத் தேவை எழவில்லை.

ஆனால் நம்மவர் குடியேறிய ஊர்களின் தட்பவெப்பம் வேறு. தில்லியின் மார்கழிக் குளிரில் வெறுந்தரையில் பாய் விரித்துப் படுக்க இயலாது. கொல்கத்தாவிலும் மும்பையிலும் மழைக்காலத்தில் தரை ஈரம் கசியும். வங்காளத்து வீடுகளில் தக்தபோஷ் என்னும் பலகைக் கட்டில் உயர்ந்து நிற்பதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம். எனவே புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் கட்டிலுக்கு ஏறியதை ஆடம்பரம் என்று சொல்லுதல் தகாது. ஏறியது சரி; எவ்வளவு அகலத்துக்கு ஏறுவது என்பதே கேள்வி.

அகலத்தின் கதை மேல்நாட்டில் நடந்தது. இங்கிலாந்தில் லண்டனுக்கு வடக்கே வேர் என்றொரு சிற்றூர். அங்கே சத்திரம் ஒன்றில், ஏறத்தாழ 1590இல், பத்தடிக்கும் மேற்பட்ட அகலமுள்ள ஓக் மரக் கட்டில் ஒன்று வந்து சேர்ந்தது. நான்கு தம்பதியர் ஒரே சமயத்தில் படுக்கலாம் என்று பேர் பெற்றது. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் அதைப் பற்றிப் பேச்சு வருமளவுக்குப் புகழ் பரவியது. வழிப்போக்கர்கள் அதில் படுத்ததற்கு அடையாளமாகத் தங்கள் பெயர்களின் முதலெழுத்தைச் செதுக்கிச் சென்றனர். 1931இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கியது. அவ்வளவு பெரிய கட்டில் ஏன் செய்யப்பட்டது? சத்திரத்துக்கு ஆள் வர வேண்டும் என்பதற்காகவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அகலம் விளம்பரமாக நின்றது. இன்றும் அவ்வாறே நிற்கிறது என்று நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் கணவன் மனைவி இருவருக்கு 54 அங்குல அகலமுள்ள மெத்தையே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்களில் பெரிய வீடுகள் எழுந்தன, படுக்கையறையும் பெரிதாயிற்று. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் 60 அங்குல அகலத்துக்கு 'குவீன்' என்றும் 76 அங்குல அகலத்துக்கு 'கிங்' என்றும் பெயரிட்ட மெத்தைகள் அங்கே பரவின. இரண்டுக்கும் நீளம் 80 அங்குலம். அரசனும் அரசியும் அந்நாட்டில் ஆண்டதில்லை. பெயரை மட்டும் வணிகர் எடுத்துக்கொண்டனர். அந்த 76 அங்குலம் எப்படி வந்தது என்பது சுவையான செய்தி. 38 அங்குலமுள்ள இரண்டு ஒற்றைப் படுக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அந்த அகலம் வரும். நம் நாட்டுக் 'கிங்' மெத்தையின் 72 அங்குலமும் இரண்டு 36 அங்குலமே.

இந்தியாவில் இப்பெயர்கள் வேரூன்றுவதற்கு முன், மெத்தை செய்யும் முறையே மாற வேண்டியிருந்தது. முன்னாளில் வடநாட்டுத் தெருக்களில் குளிர்காலத் தொடக்கத்தில் பஞ்சு கொட்டுகிற துனியா தன் வில்லைச் சுண்டி ஒலியெழுப்பிக்கொண்டு வருவான். நம் ஊரில் தேனி, போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சு வரும். வீட்டுக் கட்டிலை அளந்து, துணி வெட்டித் தைத்து, பஞ்சடைத்து, குத்துத் தையல் போட்டுத் தருவார்கள். கட்டில் எத்தனை அங்குலமோ மெத்தையும் அத்தனை அங்குலம். ஐந்தாறு ஆண்டில் பஞ்சு கட்டிதட்டினால் பிரித்துக் கொட்டி மீண்டும் அடைக்கலாம்.

பின்னர் ஆலை மெத்தைகள் வந்தன. 1929இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து கடற்பஞ்சு போன்ற பொருளை உண்டாக்கினர். நுரை மெத்தை எதுவாயினும் 'டன்லப் மெத்தை' என்று நம் நாட்டில் அழைக்கும் வழக்கம் அதனால் ஏற்பட்டது. 1859இலேயே ஆலப்புழையில் தொடங்கிய கயிற்று ஆலைத் தொழிலின் தென்னை நார், ரப்பர்ப் பாலில் நனைந்து அழுத்தப்பட்டு நார் மெத்தையாயிற்று. செயற்கை நுரையும் எஃகுச் சுருளும் தொடர்ந்தன. இவை யாவும் பெருங்கட்டிகளாகவோ சட்டங்களாகவோ ஆலையில் உருவாகின்றன. ஆலைக்கு நிலையான அளவு வேண்டும். ஆக, முன்பு கட்டிலுக்கு மெத்தை செய்தோம். இப்போது மெத்தைக்குக் கட்டில் செய்கிறோம். இதுவே இவ்வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் என்பது நம் கருத்து. பாட்டனார் காலத்துத் தேக்குக் கட்டிலை ஊரிலிருந்து கொண்டு வந்து, கடை மெத்தை அதில் இறங்காமல் இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்டவர்கள் இதை எளிதில் ஒப்புவர். அத்தகைய கட்டில் உள்ளவர்கள் சட்டத்தின் உட்புறத்தை அளந்து, சொல்லிச் செய்விப்பதே முறை. கட்டிலை அறுக்கச் சொல்லும் கடைக்காரரின் யோசனையைக் கேட்க வேண்டாம்.

நிலையான அளவு வந்தும் பெயருக்கு நிலைபேறு வரவில்லை. 72 அங்குல அகலத்துக்கு 'கிங்' என்று பெயரிட்டு, நீளத்தை ஒரு கடையார் 72 என்பார், மற்றொருவர் 75 என்பார், வேறொருவர் 78 என்பார். ஐரோப்பிய முறையில் செய்த கட்டில்கள் 180க்கு 200 சென்டிமீட்டர் என்று வருகின்றன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு மீட்டர் அளவைக்கு மாறிய பின்னும், மெத்தை மட்டும் அங்குலத்தை விடவில்லை. ஆதலால் பெயரைச் சொல்லி மெத்தையோ விரிப்போ வாங்குதல் கூடாது; எண்ணைச் சொல்லியே வாங்க வேண்டும். 72 அங்குலம் 183 சென்டிமீட்டர். 78 அங்குலம் 198 சென்டிமீட்டர்.

முதலில் உடம்பை அளப்போம். எண்சாண் உடம்பு என்பர். சாணுக்கு ஒன்பது அங்குலம் வைத்தால் எட்டுச் சாண் 72 அங்குலம். மெத்தைக் கடையின் குறைந்த நீளமும் அதுவே. ஆனால் ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேற்பட்டவர் தலையணை வைத்து, காலை நீட்டிப் படுத்தால் 72 போதாது. 78 கொள்வது நலம். உயரமாக வளரும் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. அகலத்தில் பலர் மறக்கும் கணக்கு ஒன்று உண்டு. 'டபிள்' என்னும் 48 அங்குல மெத்தையில் இருவர் படுத்தால் ஆளுக்கு 24 அங்குலம். 'குவீனில்' 30 அங்குலம். 'கிங்கில்' 36 அங்குலம். ஒற்றை மெத்தையில் தனியே படுத்துப் பழகியவருக்கு அதே இடம் வேண்டுமானால் 72 அங்குலத்துக்குக் குறைந்து கிடைக்காது. குழந்தை நடுவே வந்து படுக்கும் வீட்டில் 72 அங்குலமும் ஆளுக்கு 24 ஆகிவிடும்.

அப்படியானால் பெரியதையே வாங்குக என்று சொல்லி முடித்துவிடலாமே எனின், அறை அதற்கு இசைய வேண்டும். 1920களில் அன்றைய பம்பாய் அரசின் வளர்ச்சித் துறை தொழிலாளருக்கென்று வொர்லியிலும் நாய்காமிலும் கட்டிய சால்களில், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, 160 சதுர அடி. ஆறுக்கு ஆறரை அடி மெத்தை 39 சதுர அடியை அடைக்கும். அதாவது அந்த அறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பாய் விரித்தால் அதே அறையில் ஏழெட்டுப் பேர் உறங்கினர். அது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1970இல் முதன்முதலாக வெளிவந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இரண்டு அறையுள்ள வீட்டில் ஓர் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டரும், மற்றதற்கு 7.5 சதுர மீட்டரும் வேண்டும் என்கிறது. சிறிய அறையின் அகலம் 2.1 மீட்டர் இருந்தால் போதும்.

அந்த 2.1 மீட்டர் அறையில் 183 சென்டிமீட்டர் அகல மெத்தையைப் போட்டால் எஞ்சுவது 27 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்று மேல். சுவரோரம் படுத்தவர் இரவில் எழ வேண்டுமானால் மற்றவரைத் தாண்ட வேண்டும். அலமாரிக் கதவு திறக்காது. கட்டிலுக்கு அடியில் பெருக்க ஆள் புக முடியாது. 60 அங்குல மெத்தையானால் 58 சென்டிமீட்டர், அதாவது இரண்டடிக்குச் சற்றுக் குறைய, நடைவழி கிடைக்கும். ஒருவர் நேரே நடந்து போகலாம். 2.4 மீட்டர் அகல அறையில் 72 அங்குல மெத்தைக்கும் ஏறத்தாழ அதே வழி எஞ்சும். கட்டிலின் சட்டமும் தலைப்பலகையும் இரண்டு மூன்று அங்குலம் கூட்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒருபுறமேனும் இரண்டடி விடாத மெத்தை, விலை எவ்வளவு மலிவாயினும், அறைக்குப் பெரிது என்று நாம் கொள்கிறோம். தரையில் பழைய செய்தித்தாளை மெத்தையின் அளவுக்கு ஒட்டி விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தால் ஐயம் தீரும், செலவும் இல்லை.

உயரத்தையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்கும் தாய் தந்தையர் தரையிலிருந்து எழ வருந்துவர். மிக உயர்ந்த கட்டிலில் ஏறவும் வருந்துவர். உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும்படி, மெத்தையின் மேற்பரப்பு முழங்கால் உயரத்தில் இருப்பது நன்று. பழைய கட்டில்கள் நான்கு அங்குலப் பஞ்சு மெத்தையை எண்ணிச் செய்யப்பட்டவை. அவற்றின் மேல் பத்து அங்குல மெத்தையை ஏற்றினால் முதியோருக்கு அது பரண் ஆகிவிடும்.

திருமணச் சீரில் கட்டிலும் மெத்தையும் இடம்பெறும் வழக்கம் நம்மிடையே பல குடும்பங்களில் உண்டு. பெண் வீட்டார் மதுரையிலோ சேலத்திலோ, தங்கள் ஊர்க் கூடத்தை மனத்தில் வைத்து, மிகப் பெரிய அளவை ஆசையோடு தேர்கின்றனர். அது லாரி ஏறி மும்பையின் புறநகரில் நான்காம் மாடிக்குப் போக வேண்டும். கட்டிலைப் பிரித்து ஏற்றிவிடலாம், எஃகுச் சுருள் மெத்தை மடியாது, லிஃப்டுக்குள் நுழையாது, படிக்கட்டின் திருப்பத்தில் சிக்கும். கடன் வாங்கிச் செய்த சீர் கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும்போது, இரு வீட்டாருக்கும் அது மனவருத்தமே. மணமக்கள் குடியிருக்கப் போகும் அறையின் அகலத்தையும் படிக்கட்டின் திருப்பத்தையும் முன்னதாகக் கேட்டு அறிவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

மாற்றலாகும் வேலையில் இருப்போருக்கு நாம் சொல்லக்கூடியது, 36 அங்குலத்தில் இரண்டு கட்டிலும் இரண்டு மெத்தையும் கொள்வதே. சேர்த்துப் போட்டால் அதுவே 72. சிறிய வீடு கிடைத்த ஊரில் ஒன்று கூடத்துக்குப் போகும். பெரியவர்கள் வந்தால் தனியே படுப்பார்கள். ஒருவர் புரண்டால் மற்றவர் விழிக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளி ஒரு குறைதான். கட்டில் கால்களைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே தடித்த ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

விரிப்பைப் பற்றி ஒரு சொல். 90க்கு 108 அங்குலம் என்று விற்கும் விரிப்பை 72 அங்குல மெத்தைக்குப் பலர் வாங்கி ஏமாறுகின்றனர். மெத்தை எட்டு அங்குலத் தடிப்பானால், மேற்புறம் 72, இரு பக்கச் சரிவும் சேர்ந்து 16, ஆக 88 அங்குலம். எஞ்சுவது பக்கத்துக்கு ஓர் அங்குலம். அடியில் செருக ஒன்றும் நில்லாது. விடிவதற்குள் விரிப்பு நடுவே சுருண்டுவிடும். 108க்கு 108 கேட்டு வாங்கினால் பக்கத்துக்குப் பத்து அங்குலம் செருகலாம். 60 அங்குல மெத்தைக்கு 90 அங்குல விரிப்பே போதும். அதன் விலையும் குறைவு.